படையல் இலையில் அப்பாவுக்கு என்ன வைப்பது?

கெடிலக்கரையான் | ஞாயிறு இரவு 9.20

மகாளய அமாவாசைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து, வீட்டில் இலை போட்டுப் படைப்போம். அப்பா போய் இது மூன்றாவது வருஷம். போன இரண்டு வருஷமும் ஒரு சங்கடம். அதற்குத்தான் இந்த இழை.

எங்கள் வீட்டில் அவரவருக்குப் பிடித்ததை இலையில் தனியாக வைப்பார்கள். பாட்டிக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலை. தாத்தாவுக்கு எள்ளுருண்டை. பெரியப்பாவுக்கு வறுத்த மல்லாட்டை (வெளியூர்க்காரர்களுக்கு: வேர்க்கடலை). ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதுகூட மடியில் கட்டிவைத்துக் கொறித்த மனுஷன். அப்பா இலைக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்ப்பார், நான் அக்காவைப் பார்ப்பேன், அக்கா சுவரைப் பார்ப்பாள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அப்பா பண்ருட்டியில் ஒரு மல்லாட்டை மண்டியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதினார். மீட்டர் கேஜ் பாசஞ்சர் காலத்திலிருந்தே சீசன் டிக்கெட். காலையில் திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் வரக்கால்பட்டு, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி. ராத்திரி ஏழரைக்கு வீடு. வைத்ததைச் சாப்பிடுவார். குழம்பில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்லமாட்டார், நாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கத்தினால்தான் அம்மாவுக்கே தெரியும். அவர் சட்டையில் மட்டும் லேசாகப் பன்னீர் வாசம் வரும். ரயிலை விட்டு இறங்கிப் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார் என்று தெருவே பேசிக்கொள்ளும். பக்திமான் என்று பேர்.

அந்தப் பேரை நம்பிப் போன வருஷம் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். அம்மா இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது சாமிக்குப் புடிச்சதுடா, அவருக்கு இல்ல" என்றார்.

உங்கள் வீட்டு இலையில் என்ன வைக்கிறீர்கள்? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அழுகை வேண்டாம், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம்.


பலாக்கொட்டை | ஞாயிறு இரவு 9.41

பண்ருட்டி மண்டியா? நம்ம ஊருதான். அப்புறம் வருகிறேன், இப்போது கரண்டு இல்லை, போனில் நாலு சதவீதம்தான் இருக்கிறது.


பட்டினத்து மருமகள் | ஞாயிறு இரவு 10.15

என் மாமியார் தேவனாம்பட்டினத்திலிருந்து தலையில் கூடையோடு மஞ்சக்குப்பம் வரைக்கும் நடந்தே மீன் விற்றவர். அவர் செய்யும் சுறாப்புட்டுக்கு எங்கள் குப்பத்தில் பேர் உண்டு. சுறாவை வேகவைத்துத் தோலை உரித்து, ஒரு முள் இல்லாமல் உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டு வதக்குவார். அவர் போனதும் பிள்ளைகள் மூன்று பேரும், "அம்மாவுக்குச் சுறாப்புட்டுதான் படைக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அவரோடு அடுப்படியில் நின்றவள் நான். அவர் சுறாப்புட்டில் ஒரு வாய் எடுத்து நான் பார்த்ததில்லை. "நாளெல்லாம் மோந்துட்டு ராத்திரியும் அதையே திங்கணுமா?" என்பார். அவருக்கு உயிர் மசால் தோசை. கூடை காலியான நாளில் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஓட்டலுக்குப் போவார். மீன் வாடைக்கு உள்ளே உட்கார்ந்தால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று வெளித் திண்ணையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். எனக்கும் ஒன்று கட்டிக்கொண்டு வந்து, பிள்ளைகளுக்குத் தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக் கொடுப்பார். செய்யத் தெரிந்தது வேறு, பிடித்தது வேறு தம்பி. பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமியில் அவர் தங்கச்சி போய்விட்டார். டிசம்பர் 26 அன்றைக்கு எங்களில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். பூவும் பாலும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போவோம். எல்லோரும் பால் ஊற்றும்போது மாமியார் மட்டும் தூக்குவாளியில் டீ கொண்டுவந்து ஊற்றுவார். சுற்றி நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "அவ பால் குடிக்கமாட்டா, அவளுக்கு வாந்தி வரும்" என்பார். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. இப்போது அந்தத் தூக்குவாளி என்னிடம் இருக்கிறது.


வைதிகன் | திங்கள் காலை 6.05

அனைவருக்கும் வணக்கம். உணர்வுகளை மதிக்கிறேன். ஆனால் அமாவாசைப் படையலில் ஓட்டல் பண்டம், வெங்காயம், பூண்டு எல்லாம் கூடாது என்பது முறை. பித்ருக்களுக்கு உகந்த காய்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. பாகற்காய் நூறு காய்களுக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்குச் சமம், பலா அறுநூறுக்குச் சமம் என்று வழக்கு. இந்த மூன்றும் இலையில் இருந்தால் ஆயிரம் காய் வைத்த கணக்கு. அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று தெரியாவிட்டாலும் குறை வராது.


மில்சங்கு | திங்கள் காலை 8.30

> அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று தெரியாவிட்டாலும் குறை வராது

ஐயா, அவருக்குக் குறை வராது. கேட்பவருக்கு அல்லவா குறை.


வைதிகன் | திங்கள் காலை 8.52

அது சரிதான்.


பலாக்கொட்டை | திங்கள் மாலை 4.10

பலா அறுநூறு என்று வைதிகன் ஐயா சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தாத்தாவின் கொல்லையில் பதினேழு பலா, அதற்குப் பின்னால் முந்திரி. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் வந்தபோது நான் காலேஜ் லீவில் வீட்டில் இருந்தேன். ராத்திரியெல்லாம் ஓடு பறக்கிற சத்தம். விடிந்து பார்த்தால் கொல்லையே வெளிச்சமாக இருக்கிறது. அந்த இடத்தில் அவ்வளவு வானத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பதினேழும் வேரோடு படுத்துக் கிடந்தன.

தாத்தா போனார். ஒவ்வொரு மரமாகக் குனிந்து, பழம் பழுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பதினேழையும் தட்டிவிட்டு வந்து பழையது கரைத்துக் குடித்தார். நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் மரத்துக்கு என்ன வயது என்று கேட்டபோது அவருக்கு வருஷம் சொல்லத் தெரியவில்லை. "இது பெரியவன் பொறந்தப்ப வச்சது, இது சின்னவ ஒக்காந்தப்ப வச்சது, இது எங்கம்மா செத்தப்ப" என்று காட்டிக்கொண்டே போனார். எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டு நின்றார்.

அப்போது அவருக்கு எழுபத்தெட்டு. அடுத்த ஆடியில் கொட்டை ஊன்றினார். "தாத்தா, இது காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகுமே" என்றேன். "நானா திங்கப் போறேன்?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். உருக்கமாக எல்லாம் இல்லை. மண்வெட்டியை நான் சரியாகப் பிடிக்கவில்லை என்ற கோபம் வேறு. மூன்றாம் வருஷம் போய்விட்டார்.

புரட்டாசியில் பலாப்பழம் ஏது? அதனால் ஆனி மாதக் கொட்டைகளைச் செம்மண் புரட்டி ஒரு பானையில் போட்டு வைத்துவிடுவோம். அமாவாசைக்கு அதை எடுத்துக் கழுவி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் காரக்குழம்பு. அவருக்கு அதுதான் இலையில். கொட்டை மாவாக வேகவேண்டும், ஆனால் உடையக் கூடாது. உடைந்தால் தாத்தா எழுந்து போய்விடுவார் என்று பாட்டி இன்றைக்கும் மிரட்டுகிறார்.

கெடிலக்கரை அண்ணே, ஒரு யோசனை. உங்கப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டில் கேட்காதீர்கள். பகலெல்லாம் மண்டியில் இருந்தவர், வீட்டுக்கு என்ன தெரியும்? மண்டியில் கேளுங்கள். முதலாளியைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அவருக்குக் கணக்குதான் தெரியும். மூட்டை தூக்கினவர்களைக் கேளுங்கள்.


புதுவைத் தென்றல் | திங்கள் இரவு 7.45

கண் கலங்கிவிட்டது நண்பர்களே. அப்பாக்கள் எல்லோருமே இப்படித்தான். தங்களுக்கென்று எதற்கும் ஆசைப்படமாட்டார்கள். பிள்ளைகளுக்காகத் தன் விருப்பங்களை எல்லாம் தியாகம் செய்தவர் உங்கள் தந்தை. அதனால்தான் அவருக்குப் பிடித்தது என்று எதுவுமே இல்லை.


கெடிலக்கரையான் | திங்கள் இரவு 8.30

தென்றல், நல்ல மனதோடு சொல்கிறீர்கள், நன்றி. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் நான் தேடவே வேண்டாம் என்று ஆகிவிடும். எங்கப்பா அவ்வளவு பெரிய தியாகி இல்லை. பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனால் ஒன்றும் வாங்கித் தரமாட்டார். ஐஸ் கேட்டால் தொண்டை கட்டும், சோடா கேட்டால் குடல் வெந்துபோகும், பஞ்சுமிட்டாய் கேட்டால் சாயம். எல்லாவற்றுக்கும் ஒரு வியாதி வைத்திருப்பார். ராட்டினத்தைக் கீழே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவோம். தனக்கும் வாங்கமாட்டார் என்பதால் சண்டை போட முடியாது, அவ்வளவுதான்.

பலாக்கொட்டை தம்பி சொன்னது மண்டையில் உறைத்தது. சனிக்கிழமை பண்ருட்டி போகிறேன்.


மில்சங்கு | திங்கள் இரவு 9.05

எங்கள் வீட்டுச் சண்டையையும் சொல்கிறேன், தீர்ப்பு சொல்லுங்கள்.

அப்பாவுக்குப் புதுச்சேரி முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் நெசவுப் பிரிவில் வேலை. போர்டில் ஏ.எஃப்.டி. என்று இருந்தாலும் எங்களுக்கு அது ரோடியர்தான். சங்கு ஊதினால் தெருவே கடிகாரத்தைச் சரிசெய்யும். 1936 ஜூலை 30 துப்பாக்கிச்சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துத்தான் எட்டு மணி நேர வேலை கிடைத்தது என்று வருஷா வருஷம் எங்களுக்குப் பாடம் எடுப்பார். அந்தப் பாடத்தை வீட்டிலும் விடாமல் கடைப்பிடித்தார். அம்மா ஒரு குடம் தண்ணீர் எடுத்து வரச் சொன்னால், "எட்டு மணி நேரம் முடிஞ்சிபோச்சி. அதுக்கு மேல வேலை வாங்கினா அந்தப் பன்னெண்டு பேருக்கு நீதான் பதில் சொல்லணும்" என்பார். ஒருநாள் அம்மா திருப்பிக் கேட்டார்: "எனக்கு எத்தினி மணி நேரம்?" அன்றைக்குப் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷன். ஆனால் குடிப்பார். கடைசியில் ஈரல் கெட்டுத்தான் போனார்.

அமாவாசைக்குச் சைவம், அதில் பிரச்சனை இல்லை. பொங்கல் முடிந்து வரும் கரிநாளில்தான் கோழிக்குழம்பு, கருவாடு எல்லாம் வைத்துப் படைப்போம். அன்றைக்குச் சித்தப்பா ஒரு குவார்ட்டர் பிராந்தியோடு வந்து நிற்கிறார். "அண்ணனுக்குப் புடிச்சத வைக்காம என்ன படையல்?" அம்மா வைக்கக் கூடாது என்கிறார். இரண்டு வருஷமாகக் கரிநாள் வந்தாலே வீட்டில் பஞ்சாயத்து.


பட்டினத்து மருமகள் | திங்கள் இரவு 9.20

எங்கள் பக்கமும் வைப்பார்கள். படைத்து முடித்து அந்த பாட்டில் யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். அண்ணன் குடிக்கப் போவதில்லை.


வைதிகன் | திங்கள் இரவு 9.33

இந்த விஷயத்தில் பட்டினத்து அம்மா கட்சி.


உப்பளம் ரோசா | திங்கள் இரவு 10.02

நான் சித்தப்பா கட்சி. பிடித்ததை வைப்பதுதான் படையல் என்றால் பிடித்ததை வையுங்கள். திருத்துவதாக இருந்தால் உயிரோடு இருந்தபோதே திருத்தியிருக்க வேண்டும். செத்த பிறகு பத்தியச் சாப்பாடு போடுவது என்ன நியாயம்?


மில்சங்கு | திங்கள் இரவு 10.10

ரோசா அக்கா, உயிரோடு இருந்தபோது திருத்தப் பார்க்கவில்லை என்று யார் சொன்னது?


நெறியாளர் | திங்கள் இரவு 10.25

மெதுவாக, மெதுவாக. எல்லோருமே ஒருவரை இழந்தவர்கள்தான். ரோசா, உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்களேன்.


உப்பளம் ரோசா | செவ்வாய் காலை 11.30

சங்கு தம்பி, மன்னிக்கவும். வாய் முந்திவிட்டது.

எங்களுக்குப் படையல் கிடையாது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஒரு வாரத்துக்கு முன்பே உப்பளம் கல்லறைக்குப் போய்ப் புல்லைப் பிடுங்கிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவோம். அன்றைக்குச் சாமந்தி மாலை, மெழுகுவத்தி. சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். இருட்டின பிறகு பார்த்தால் அவ்வளவு பெரிய கல்லறையும் தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். முறுக்கு, சுண்டல் விற்பவர்கள்கூட வெளியே நிற்பார்கள்.

எங்கள் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போனவர். ஜூலை 14 என்றால் கோட்டும் மெடலும் மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் கோட்டைப் பாச்சை உருண்டையிலிருந்து எடுத்து வெயிலில் போடுவது பேத்திகள் வேலை. ஆனால் சாப்பாட்டில் அவர் பிரெஞ்சுக்காரரும் இல்லை, தமிழரும் இல்லை. நீட்டு ரொட்டியைப் பிய்த்து, முதல்நாள் வைத்த வஞ்சிரக் குழம்பில் முக்கி, சொட்டச் சொட்டச் சாப்பிடுவார். தாடியில் குழம்பு. எந்தப் பிரெஞ்சுக்காரன் பார்த்தாலும் ரத்தக்கொதிப்பு வந்திருக்கும்.

அவர் சைகோனில் கற்றுக்கொண்ட ஒரு கெட்ட வார்த்தை உண்டு, கால் இடறினால் அதுதான் வரும். எங்கள் பாட்டிக்குப் பிரெஞ்சு தெரியாது. அது ஏதோ மனவல்லிய ஜெபம் என்று நினைத்துக்கொண்டு பாட்டியும் அதையே சொல்லப் பழகிவிட்டார். ஒருநாள் கோயில் படியில் தடுக்கிக்கொண்டு, வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் முன்னாலேயே தெளிவாகச் சொன்னாராம். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டாராம். பாட்டியும் பதிலுக்குச் சிலுவை போட்டுக்கொண்டாராம்.

வருஷா வருஷம் கல்லறையில் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு ரொட்டி வைக்கிறேன். எறும்பு வருகிறது என்று அண்ணன் திட்டுகிறான். பக்கத்துக் கல்லறையில் பற்றவைத்த சிகரெட்டே வைக்கிறார்கள், அவர்களை யாரும் திட்டுவதில்லை.


நன்னிபேத்தி | செவ்வாய் மதியம் 2.15

பரங்கிப்பேட்டையிலிருந்து. எங்களிடமும் படையல் இல்லை, துஆ மட்டும்தான். ஆனால் இந்த இழையைப் படித்ததும் உம்மாவிடம் ஒன்று கேட்டுத் தெளிவாகிவிட்டேன்.

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் இறால் வாடா சுட்டால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து வரும் முதல் வாடாவை யாரும் தொடக் கூடாது. அதைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவோம். ஏதோ மார்க்கச் சட்டம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். உம்மா சிரிக்கிறார். "சட்டமும் இல்ல ஒண்ணும் இல்ல. நன்னிக்கு (பாட்டிக்கு) முதல் ஈட்டுல எண்ணெய்ப் பதம் புடிபடாது. வேகாததைத் தள்ளிவிடுறதுக்குப் பண்ணின வேலை." பக்கத்து வீட்டார் முப்பது வருஷமாகப் பாதி வெந்த வாடாவைப் பிரியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போதும் அதைத்தான் அனுப்புகிறோம். உம்மாவுக்கு எண்ணெய்ப் பதம் நன்றாகத் தெரியும். ஆனாலும் முதல் வாடாவை வேண்டுமென்றே சீக்கிரம் எடுத்துவிடுகிறார்.

அப்புறம் ஒரு விஷயம். நீங்கள் எல்லோரும் "காக்கா வந்து சாப்பிட்டால்தான் நிம்மதி" என்கிறீர்கள். எங்கள் வீட்டில் காக்கா என்றால் மூத்த அண்ணன். அவர் கூப்பிடாமலே முதல் ஆளாக வந்துவிடுவார்.


பலாக்கொட்டை | செவ்வாய் மதியம் 2.20

😂 அந்தக் காக்காவைக் கொஞ்சம் எங்கள் வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள். போன தடவை ஒன்றரை மணி நேரம் மொட்டைமாடியில் நின்றேன்.


மில்சங்கு | புதன் இரவு 9.50

நேற்று இந்த இழையை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ரோசா அக்கா எழுதியதையும் விடவில்லை. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "அது சொல்றதும் சரிதான். அவருக்குப் புடிச்சதுதான். ஆனா அவர் குடிச்சிட்டு வந்த ராத்திரி ஒண்ணுலகூட நான் சோறு தின்னதில்ல. படையல் சோத்தையாவது நான் திங்கணும்ல?"

நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். பிள்ளைகள் நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம். அம்மா சாப்பிட்டாரா என்று பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி, கருவாடு நான் வாங்கியாறேன்" என்றார்.


உப்பளம் ரோசா | புதன் இரவு 10.05

அம்மாவிடம் நான் கட்சி மாறிவிட்டேன் என்று சொல்லுங்கள்.


கெடிலக்கரையான் | சனி இரவு 11.10

பண்ருட்டி போய்விட்டு வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

மண்டி கைமாறி இப்போது அங்கே சிமெண்ட் கடை. பழைய ஆட்கள் யாரும் இல்லை. டீக்கடையில் விசாரித்ததில், மண்டியில் மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கிறார் என்றார்கள். எழுபதைத் தாண்டியவர், முதுகு வளைந்துவிட்டது. அப்பா பேரைச் சொன்னதும், "கணக்கப்பிள்ள மவனா நீ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவேயில்லை.

"எங்கப்பாவுக்கு என்ன புடிக்கும் ஐயா?"

ஒரு நொடி யோசிக்கவில்லை. "சோடா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பன்னீர் சோடா. கோலி சோடா. நாலு மணிக்கு லாரி எடை முடிஞ்சதும் நோட்ட மூடிட்டு வருவாரு. மழையோ வெயிலோ, ஒண்ணு. அதுல ஒரு சிட்டிக உப்ப போடுவாரு. புஸ்ஸுனு பொங்கும் பாரு, பொங்கறதுக்குள்ள வாய வச்சுப் புடிக்கணும். அது பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு. சின்னப் புள்ளையாட்டம் சிரிப்பாரு. எங்களுக்கும் வாங்கிக் குடுப்பாரு. வீட்டுல சொல்லிடாதீங்கய்யான்னுவாரு. புள்ளைங்க கேக்கும்போது குடல் வெந்துபோவும்னு சொல்லி வச்சிருக்கேன்னுவாரு."

பன்னீர் வாசம்!

எங்கள் தெருவின் பக்திமான்!

திரும்பி வரும்போது ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா தன் பையை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டார். நெல்லிக்குப்பம் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது, அதை இங்கே எழுதவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "சட்ட முன்பக்கம் தெனம் பிசுபிசுன்னு இருக்கும். மல்லாட்டத் தூசின்னு நெனச்சுல்ல அடிச்சு அடிச்சுத் தொவச்சேன்?"


பட்டினத்து மருமகள் | ஞாயிறு காலை 5.50

நான் சொல்லவில்லை? மசால் தோசைக் கேஸ்தான் இதுவும்.


புதுவைத் தென்றல் | ஞாயிறு காலை 7.15

தியாகி என்று எழுதினேன். சோடாவுக்கு முன்னால் தோற்றுவிட்டேன். 🙏


வைதிகன் | ஞாயிறு காலை 7.40

பன்னீர் சோடாவில் வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை. தாராளமாக வைக்கலாம்.


கெடிலக்கரையான் | அமாவாசை அன்று மாலை 5.30

கடற்கரையில் இன்று நல்ல கூட்டம். வீட்டுக்கு வரப் பதினொன்று ஆகிவிட்டது. கோலி சோடாவுக்கு அலைந்தேன். எல்லாக் கடையிலும் பிளாஸ்டிக் பாட்டில்தான். கடைசியில் முதுநகரில் ஒரு பெட்டிக்கடையில் பன்னீரில் இரண்டு கிடைத்தது. பாட்டிலைத் திருப்பித் தரவேண்டும் என்று கடைக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் சொல்லவில்லை.

சாம்பார், பாகற்காய் வறுவல், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம், எல்லாம் இலையில் பரிமாறியாயிற்று. அப்பா இலைக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்தோம். அக்காதான் கட்டையை வைத்து கோலியை அமுக்கினாள். அந்தச் சத்தம் கேட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏற்கனவே காத்திருந்த காக்கா பறந்தே போய்விட்டது. சோறு வைத்துவிட்டுக் கா, கா என்று நானும் என் பையனும் இருபது நிமிஷம் கத்தினோம். அப்புறம் ஒன்று வந்தது. அதே காக்காதானா என்று தெரியாது. வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போயிற்று.

படைத்து முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த சோடாவை யார் குடிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து போய் எடுத்தார். மூச்சு விடாமல் பாதியைக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சோடாவின் காரத்தில்தான். பெரிய ஏப்பம் ஒன்று விட்டார்.

"இதுக்கா மனுஷன் முப்பது வருஷம் பொய் சொன்னாரு?" என்று மீதியையும் குடித்தார்.


பலாக்கொட்டை | அமாவாசை அன்று மாலை 5.34

அண்ணே, உப்பு போட்டீங்களா இல்லையா?


கெடிலக்கரையான் | அமாவாசை அன்று மாலை 5.36

இரண்டாவது பாட்டிலில் போட்டோம். பாய் காய்ந்துகொண்டிருக்கிறது.